கடைசி இடத்தின் லாபம்

2025 ஏப்ரல் 30 இரவு சேப்பாக்கத்தில் பஞ்சாப் அணி சென்னையை வென்றது. சொந்த மைதானத்தில் சென்னைக்கு அது தொடர்ந்து ஐந்தாவது தோல்வி. அந்த ஆண்டின் பிளே ஆஃப் வாய்ப்பும் அன்றோடு போனது. லீக் ஆட்டங்கள் முடிந்தபோது பத்து அணிகளில் பத்தாவதாக நின்றது சென்னை. 2008இல் ஐபிஎல் தொடங்கியதிலிருந்து அந்த அணி கடைசிக்குப் போனது அதுவே முதல் முறை. அந்த நாட்களில் ஒரு காலை காஞ்சிபுரம் மாவட்டம் வாலாஜாபாத் டீக்கடையில், அய்யம்பேட்டையில் தறி வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் கேட்டார்: “தறி ஓடலன்னா எனக்குக் கூலி இல்ல. இவங்க டீம் ஓடலன்னாலும் ஓனருக்குக் காசு வந்துக்கிட்டே இருக்குன்றாங்களே, அது எப்படிண்ணா?”

அன்றைக்கு ஏதோ பதில் சொல்லி வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் எனக்கே போதவில்லை. தோற்கும் அணியின் முதலாளி லாபம் பார்ப்பது தவறா? தவறு என்றால் அது யார் தவறு? ஆட்டக்காரருக்குக் குறைவாகக் கொடுத்துத்தான் அந்த லாபம் வருகிறதா? இவை மூன்றும் தனித்தனிக் கேள்விகள். நம் ஊர்ப் பேச்சில் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக் கோபப்படுகிறோம். பிரித்துப் பார்த்தால் கோபம் போய்ச் சேரவேண்டிய இடம் வேறு என்று தெரிகிறது.

தோற்றுக்கொண்டே, ஆட்டக்காரருக்குக் குறைவாகக் கொடுத்து லாபம் பார்க்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு முற்றிப் பழுத்தது அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்தில். பிட்ஸ்பர்க் நகரத்தின் பைரட்ஸ் அணி 1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 பருவங்கள் வெற்றியைவிடத் தோல்வி அதிகமாகக் கண்டது. வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுகளில் இத்தனை நீண்ட சரிவு வேறு எந்த அணிக்கும் இல்லை. 2010இல் அந்த அணியின் உள்கணக்குகள் வெளியே கசிந்தன. 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும் அணி ஏறத்தாழ 2 கோடியே 94 லட்சம் டாலர் லாபம் ஈட்டியிருந்தது. பணக்கார அணிகளின் வருமானத்திலிருந்து ஏழை அணிகளுக்குப் பங்கு தரும் ஏற்பாடு அங்கே உண்டு. அந்தப் பணத்தைக் கொண்டு நல்ல ஆட்டக்காரர்களைப் பிடிக்காமல், சம்பளச் செலவைக் கீழே வைத்து, மிச்சத்தை லாபமாக எடுத்தார்கள் என்பது ரசிகர்களின் குமுறல். மயாமி மார்லின்ஸ் மீதும் அதே புகார். பங்குப் பணத்தை ஆட்டக்காரர்களுக்கே செலவிடுவதாக 2010 ஜனவரியில் அந்த அணி ஆட்டக்காரர் சங்கத்துக்கு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. 2012இல் பெரும்பாலும் மக்கள் பணத்தில் கட்டிய புது மைதானத்துக்குள் நுழைந்தார்கள். முதல் பருவம் முடிந்த நவம்பரிலேயே முன்னணி ஆட்டக்காரர்களை டொரான்டோ அணிக்குக் கைமாற்றிவிட்டார்கள்.

அங்கே அணிச் சம்பளத்துக்கு மேல்வரம்பு கிடையாது. ஓர் எல்லையைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். கீழ்வரம்பும் கிடையாது. ஆகவே கொடுப்பதும் கொடுக்காததும் உரிமையாளர் கையில். கொடுக்காமல் தோற்றால் பழியும் அவருடையதே.

ஆனால் குறைந்த சம்பளமே குற்றம் என்றும் சொல்லிவிட முடியாது. ஓக்லாந்து அணி 2002இல் சுமார் 4 கோடி டாலர் சம்பளச் செலவில் 103 ஆட்டங்களை வென்றது. அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் செலவழித்த நியூயார்க் யாங்கீஸ் அணியும் அந்த ஆண்டு வென்றது அதே 103தான். சிக்கனம் தோல்விக்குக் காரணமாகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெல்ல முயலாமல் சிக்கனத்தை மட்டுமே தொழிலாக்கினார்களா என்பதுதான் அங்கே கேட்கவேண்டியது.

இந்த அளவுகோலை நம்மூர் ஆட்டத்தின் மேல் வைத்துப் பார்ப்போம்.

குற்றச்சாட்டின் முதல் பாதி, அதாவது தோற்றாலும் லாபம் என்பது, ஐபிஎல்லுக்கு முழுக்கப் பொருந்தும். 2023 முதல் 2027 வரையிலான ஐந்து பருவங்களின் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. ஆண்டுக்குச் சராசரி 9,678 கோடி. இதில் ஏறத்தாழப் பாதி கிரிக்கெட் வாரியத்துக்கு. மறுபாதி பத்து அணிகளுக்கு. அணிகளுக்கு வரும் பாதியில் பெரும்பங்கு சமமாகப் பிரிகிறது, பட்டியலில் பிடித்த இடத்தைப் பார்த்துக் கொடுப்பது சிறு துண்டுதான். ஒளிபரப்புப் பணமாக மட்டும் ஓர் அணிக்கு ஆண்டுக்கு 480 கோடி ரூபாய் அளவில் வருகிறது. கோப்பை வென்றால் பரிசு 20 கோடி. முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் நடுவே உள்ள பள்ளம், இரண்டுக்கும் பொதுவாக வரும் பணத்தின் முன்னால் மிகச் சிறியது. ஐரோப்பியக் கால்பந்து லீக்குகளில் கடைசிக்குப் போனால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். வருமானமும் கூடவே சரியும். ஐபிஎல்லில் கீழ்ப் பிரிவு என்று ஒன்று இல்லை.

2023 பருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை கோப்பை வென்றது. பஞ்சாப் எட்டாவது. அந்தப் பருவம் அடங்கிய 2023-24 நிதியாண்டில் சென்னை அணி நிறுவனத்தின் வருமானம் சுமார் 676 கோடி. பஞ்சாப் நிறுவனத்தின் வருமானம் சுமார் 664 கோடி. வெளியான கணக்குகளின்படி பஞ்சாபின் லாபம் ஏறத்தாழ 250 கோடி, அதாவது கோப்பை வென்ற சென்னையினுடையதைவிட அதிகம். அதே ஆண்டு இறுதிப்போட்டி வரை வந்து சென்னையிடம் கடைசிப் பந்தில் தோற்ற குஜராத் 50 கோடிக்கு மேல் நஷ்டம் காட்டியது. காரணம் ஆடுகளத்தில் இல்லை. குஜராத் அணியை 2021இல் 5,625 கோடிக்கு வாங்கினார்கள். அந்தப் பணத்தைப் பத்து ஆண்டுகளில் கட்டித் தீர்க்கவேண்டும். பஞ்சாபை 2008இல் 7 கோடியே 60 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். பழைய அணிகள் இன்று வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கை வாரியத்துக்குக் கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம். ஐபிஎல்லில் லாபத்தைத் தீர்மானிப்பது அணியை வாங்கிய ஆண்டு. வென்ற ஆட்டங்களின் எண்ணிக்கை அதற்கு அடுத்துத்தான் வரும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2010இல் சஹாரா நிறுவனம் 37 கோடி டாலர் கொடுத்துப் புனே அணியை வாங்கியது, 2013இல் வெளியேறியது. கொச்சி அணி ஒரே பருவம் ஆடி 2011இல் நீக்கப்பட்டது. 2009இல் கோப்பை வென்ற ஹைதராபாத்தின் டெக்கான் சார்ஜர்ஸ் 2012இல் இல்லாமல் போனது. ஆரம்ப ஆண்டுகளில் உரிமையாளர்கள் இடர் ஏற்றது உண்மை, அதற்கான பலன் அவர்களுக்குச் சேர்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த இடர் இப்போது இல்லை. இடருக்காகக் கொடுத்த சலுகை மட்டும் அப்படியே தொடர்கிறது.

இரண்டாம் பாதிக்கு வருவோம். ஆட்டக்காரர்களுக்குக் குறைவாகக் கொடுத்ததால்தான் பஞ்சாப் தோற்றதா? இந்தக் குற்றச்சாட்டு நிற்காது. ஒவ்வொரு அணிக்கும் ஏலத்தில் செலவழிக்க ஒரே அளவு பணம். 2025 பருவத்துக்கு அது 120 கோடி. அதில் முக்கால் பங்கையாவது செலவழித்தே ஆகவேண்டும் என்பது விதி. நடைமுறையில் எல்லா அணிகளுமே கிட்டத்தட்ட முழுப்பணத்தையும் கொட்டித்தான் தீர்க்கின்றன. பிட்ஸ்பர்க்காரர்கள் செய்ததைச் செய்ய இங்கே இடமே இல்லை.

பஞ்சாபின் தோல்விக்கு வேறு காரணம் கண்ணெதிரே இருக்கிறது. 2015 முதல் 2024 வரை பத்துப் பருவங்கள் அந்த அணி பிளே ஆஃப் பக்கமே போகவில்லை. 2018இலிருந்து 2025 வரை எண்ணினால் அஸ்வின், ராகுல், மயங்க், தவான், ஷ்ரேயஸ் என்று முறையாக நியமித்த கேப்டன்கள் மட்டும் ஐந்து பேர். ஹாட்ஜ், ஹெசன், கும்ப்ளே, பெய்லிஸ், பான்டிங் என்று பயிற்சியாளர்களும் ஐந்து பேர். பாவு பிணைத்து முடிக்கும் முன்னே நெசவாளியை மாற்றிக்கொண்டே இருந்தால் சேலை தறியை விட்டு இறங்காது. கையிருப்பை வைத்துக்கொண்டு 2025 ஏலத்தில் ஷ்ரேயஸுக்கு 26.75 கோடி கொடுத்தார்கள், பான்டிங்கிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள்; அந்த ஆண்டே இறுதிப்போட்டிக்கு வந்தார்கள். பணம் முன்பும் இருந்தது, பொறுமைதான் இல்லை. சென்னையின் 2025 சரிவும் கஞ்சத்தனத்தால் வந்ததல்ல. வயதான அணியைப் புதுப்பிக்காமல் தள்ளிப்போட்டதன் விலை அது. இதைச் சென்னை ரசிகனாக எழுதுகிறேன். எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆகவே தோற்ற முதலாளி மீது நம் டீக்கடைகளில் வைக்கும் வழக்கில் பாதி தள்ளுபடி. சமப்பங்கீட்டைக்கூட நான் ஆதரிப்பேன். வென்றவனுக்கே மேலும் மேலும் கொடுத்தால் மும்பை போன்ற பெரும் பண அணிகள் எல்லாவற்றையும் அள்ளிவிடும். 2022இல் குஜராத், 2023இல் சென்னை, 2024இல் கொல்கத்தா, 2025இல் பெங்களூர் என்று நான்கு ஆண்டுகளில் நான்கு அணிகள் வென்றதற்குச் சமமான ஏலப்பணமும் ஒரு காரணம். 2008இல் எல்லாவற்றிலும் மலிவாக, 6 கோடியே 70 லட்சம் டாலருக்கு விலைபோன ராஜஸ்தான்தான் முதல் கோப்பையை வென்றது. இதை யாரும் குலைக்க வேண்டாம்.

ஆனால் வழக்கு இதோடு முடியவில்லை. உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. தோற்கும் அணி குறைவாகக் கொடுக்கவில்லை, சரி. எல்லா அணிகளும் சேர்ந்தே குறைவாகக் கொடுக்கின்றனவா?

2018 முதல் 2022 வரைக்கான ஒளிபரப்பு உரிமை 16,347.5 கோடிக்குப் போனது. ஆண்டுக்கு 3,270 கோடி என்று வைத்துக்கொள்ளலாம். 2018இல் ஓர் அணியின் ஏலப்பணம் 80 கோடி. எட்டு அணிகளுக்கும் சேர்த்து 640 கோடி. ஒளிபரப்புப் பணத்தில் அது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. 2025இல் ஒளிபரப்பு ஆண்டுக்கு 9,678 கோடி. பத்து அணிகளின் ஏலப்பணம் 1,200 கோடி. அது எட்டில் ஒரு பங்கு. வருமானம் மூன்று மடங்கானபோது ஓர் அணி ஆட்டக்காரர்களுக்கு ஒதுக்கும் தொகை ஒன்றரை மடங்கு மட்டுமே ஆனது. 2025இலிருந்து ஆட்டத்துக்கு 7.5 லட்சம் ரூபாய் சம்பளம் தனியாக உண்டு. திறமைக்கான கூடுதல் தொகையும் உண்டு. எல்லாவற்றையும் கூட்டினாலும் 2025இல் ஓர் அணிக்கு 146 கோடிதான் வரம்பு. அதையும் எண்ணிக்கையில் சேர்த்தால் 15 விழுக்காடு. விளம்பரதாரர் பணம், டிக்கெட், சட்டை விற்பனை எதையும் நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் விழுக்காடு இன்னும் இறங்கும். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் ஆட்டம் சார்ந்த வருமானத்தில் 49 முதல் 51 விழுக்காடு ஆட்டக்காரர்களுக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது.

ரிஷப் பந்த்துக்கு 27 கோடி கொடுத்தார்களே, அது குறைவா என்று கேட்பவர்கள் உண்டு. உச்சத்தில் நிற்கும் நாலைந்து பேரைக் காட்டி மற்றவர்களின் கூலியை நியாயப்படுத்துவது பழைய வழக்கம். பட்டுக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் லட்சத்துக்குமேல் விலை ஒட்டிய முகூர்த்தச் சேலையைக் காட்டி, முத்தியால்பேட்டை நெசவாளி வசதியாக இருக்கிறார் என்று சொல்ல முடியுமா? மொத்தப் பணத்துக்கு வரம்பு இருக்கும்போது ஒருவருக்கு 27 கோடி போனால், அது முதலாளியின் பங்கிலிருந்து போவதில்லை. உடன் ஆடுபவரின் பங்கிலிருந்துதான் போகிறது.

பந்துவீச்சாளர் நடராஜனின் கணக்கைப் பாருங்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர்; அவர் அப்பா சேலைத் தறியில் கூலிக்கு உழைத்தவர். தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் யார்க்கர் பந்துகளால் கவனம் பெற்று, 2017 ஏலத்தில் 3 கோடிக்குப் பஞ்சாபுக்குப் போனார். அடுத்த ஆண்டே விலை 40 லட்சமாக இறங்கி ஹைதராபாத்துக்கு வந்தார். இரண்டு பருவங்கள் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. 2020இல் களமிறங்கி 16 விக்கெட் எடுத்தார். ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பந்து வீச்சாளராகப் போனவர் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு ஆடி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் வெற்றியில் பங்கேற்றுத் திரும்பினார். 2021 பருவத்துக்கும் அவருடைய ஐபிஎல் விலை அதே 40 லட்சம். அடுத்த பெரிய ஏலம் 2022இல் வரும்வரை அணி அவரை அந்த விலையிலேயே தக்கவைத்துக்கொள்ள விதி இடம் தந்தது. வேறு அணிக்குப் போய்ப் பேசிப்பார்க்க அவருக்கு வழி இல்லை. ஏலத்துக்கு வந்ததும் 4 கோடி, 2025இல் 10.75 கோடி. சந்தை அவரை மதித்த விலைக்கும் அந்த ஆண்டுகளில் கைக்கு வந்த விலைக்கும் உள்ள தூரத்தில்தான் இந்த லீக்கின் மலிவுச் சம்பளம் ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவில் அது தோற்கும் அணியின் கஞ்சத்தனமாக வெளியே தெரிகிறது. இங்கே விதியின் உருவத்தில், வெல்பவர் தோற்பவர் எல்லோருக்கும் பொதுவாக இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

அமெரிக்க ஆட்டக்காரர்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் கட்டுண்டு கிடந்தார்கள். மார்வின் மில்லர் என்ற தொழிற்சங்கக்காரர் 1966இல் அவர்கள் சங்கத்தின் பொறுப்புக்கு வந்து, 1975 டிசம்பரில் நடுவர் மன்றத் தீர்ப்பு ஒன்றின் மூலம் அந்தக் கட்டை அவிழ்த்தார். நம்மிடம் 2019இல் அமைந்த இந்தியக் கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. இன்று ஆடுபவர்களுக்காகச் சம்பள வரம்பைப் பற்றி வாரியத்தோடு உட்கார்ந்து பேச ஓர் அமைப்பு இல்லை. ஓய்வு பெறாத இந்திய ஆண் ஆட்டக்காரர் வெளிநாட்டு லீக்குக்குப் போகவும் வாரியம் விடுவதில்லை. வாங்குபவர் பத்துப் பேர், விற்பவருக்குப் போக வேறு சந்தை இல்லை. பட்டுத் தொழிலில் பிறந்த யாருக்கும் இந்த நிலைமையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. முதலாளி பாவும் ஜரிகையும் கொடுத்து, கூலியையும் தானே சொல்லிய காலத்திலிருந்து வந்தவர்கள் நாம். காஞ்சிபுரத்தில் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏன் வந்தன? தனியாளாக நின்றால் கூலி ஏறாது என்பதால் வந்தன. அந்தச் சங்கங்களுக்கும் குறைகள் உண்டு, நிலுவை உண்டு. ஆனாலும் சங்கம் லாபத்தில் ஓடினால் தீபாவளிக்குப் போனஸாக நெசவாளி கைக்கும் ஒரு பங்கு வரவேண்டும் என்ற கொள்கை அங்கே எழுத்தில் இருக்கிறது.

கடைசியாக ரசிகருக்கு வருகிறேன். பிட்ஸ்பர்க் அணி இருபது ஆண்டு தோற்றாலும் அது ரசிகரின் ஊர் அணியாகவே நின்றது. நம் காஞ்சிபுரம் பகுதிக்கு அந்த உறுதிகூட இல்லை. தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் 2018இலும் 2019இலும் காஞ்சி வீரன்ஸ் என்று ஓர் அணி ஆடியது. அதற்கு முன்பு அது திருவள்ளூர் வீரன்ஸ். பிறகு 2021இல் அந்த இடத்தில் நெல்லை ராயல் கிங்ஸ் வந்தது. காஞ்சி என்ற பெயரோடு ஆடிய இரண்டு பருவத்திலும் அந்த அணி காஞ்சிபுரத்தில் ஓர் ஆட்டம் ஆடவில்லை. சென்னையிலும் திண்டுக்கல்லிலும் நெல்லையிலும்தான் ஆடியது. எங்கள் தெருப் பையன்கள் சிலர் அந்தப் பெயருக்காகவே டிவி முன் உட்கார்ந்தார்கள். அணி போனபோது யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. ஊர்ப்பெயர் கடனாக வாங்கப்பட்டது, திருப்பிக் கொடுக்கப்படவில்லை. இதைச் சட்டப்படி குற்றம் என்று சொல்ல முடியாது. ஊர்ப்பெயரை எடுத்து வைத்துக்கொண்டு ஆதரவு கேட்பவர் ஊருக்கு என்ன கடன்பட்டிருக்கிறார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

என் தீர்ப்பு இது. கடைசி இடத்து அணி லாபம் ஈட்டுவது அதன் தனிக் குற்றம் அல்ல. லீக் பிழைக்கப் போட்ட சமப்பங்கீட்டின் விளைவு. அதை உடைக்கக் கூடாது. குற்றம், வருமானம் ஏறும்போது தானாக ஏறாத சம்பள வரம்பில் இருக்கிறது. அந்த வரம்பை வாரியமும் உரிமையாளர்களும் தங்களுக்குள் பேசி முடிவு செய்கிறார்கள். ஆட்டக்காரர் அந்த அறையில் இல்லை. கோப்பை வென்ற முதலாளிக்கும் கடைசியில் நின்ற முதலாளிக்கும் இதில் ஒரே பொறுப்பு. சம்பளத்தை ரூபாயில் நிர்ணயிக்காமல் வருமானத்தின் விழுக்காடாக எழுதவேண்டும். பத்து அணிகளுக்கும் அது ஒன்றாகவே இருக்கலாம், போட்டி கெடாது. இரண்டு பெரிய ஏலத்துக்கு நடுவே உயர்ந்து வரும் ஆட்டக்காரரின் விலையை மறுபரிசீலிக்க வழி வேண்டும். தக்கவைத்துக்கொள்ளும் உரிமையை அணிக்குக் கொடுத்தால், கேட்கும் உரிமையை ஆட்டக்காரருக்கும் கொடுக்கவேண்டும்.

அய்யம்பேட்டைக்காரரைப் போன வாரம் பார்த்தபோது இதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்ப ஜெயிச்சவனும் கூலிக்காரந்தானாண்ணா?” என்றார். ஆமாம் என்றேன்.

இப்போதைய ஒளிபரப்பு ஒப்பந்தம் 2027 பருவத்தோடு முடிகிறது. அந்த ஆண்டுக்கான சம்பள வரம்பு, அணிக்கு 157 கோடி ரூபாய் என்று, 2024லேயே எழுதி முடித்துவிட்டார்கள்.